அரை கிலோ கறி, அஞ்சு தட்டு: குழம்பை நீட்டினால் சத்தும் நீளுமா? வடசென்னை சமையலறைக் கணக்கு

ஞாயிற்றுக்கிழமை காலையில் காசிமேடு மீன்பிடித் துறைமுகம் பக்கம் போனவர்களுக்குத் தெரியும், அங்கே மூன்று விதமான கூட்டம் இருக்கும். வஞ்சிரத்தையும் வவ்வாலையும் முழுசாகத் தூக்கிக்கொண்டு போகிறவர்கள் ஒரு வகை. சங்கரா, காணாங்கத்தை என்று கிலோ கணக்கில் பேரம் பேசுகிறவர்கள் இன்னொரு வகை. மூன்றாவது கூட்டம் கொஞ்சம் தாமதமாக வரும். கூறு கட்டி வைத்த காரப்பொடியும் நெத்திலியும் எப்போது விலை இறங்கும் என்று பார்த்து நிற்கும். வஞ்சிரத்தின் தலை மட்டும் தனியாகக் கிடைக்குமா என்று கேட்கும்.

இந்த மூன்றாவது கூட்டத்தின் வீட்டுக் கணக்கைப் பற்றியதுதான் இந்தக் கட்டுரை. ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் 'கவுச்சி' இல்லாமல் சோறு இறங்காது என்பார்கள். ஆனால் வாரக் கூலி, ஒப்பந்த வேலை, துறைமுகத்தில் லோடு இருந்தால்தான் சம்பளம் என்று ஓடும் வீட்டில், அஞ்சு பேருக்கு அரை கிலோவுக்கு மேல் கறி வாங்க முடியாத வாரங்களே அதிகம். அந்த அரை கிலோவை எப்படி எல்லாருக்கும் காணும்படி செய்கிறார்கள்? அப்படிச் செய்யும்போது சத்து என்ன ஆகிறது?

மீன் ஊரிலேயே மீன் ஏன் எட்டாமல் போகிறது?

முதல் காரணம் எல்லாருக்கும் தெரிந்தது. ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாட்கள் தமிழகத்தின் கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம். மீன்கள் இனப்பெருக்கம் செய்யும் காலம் என்பதால் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. ஃபைபர் படகுகளும் கட்டுமரங்களும் கரையோரம் போய் வரும். கேரளாவில் தடை ஜூனில்தான் தொடங்கும் என்பதால், ஏப்ரல், மே மாதங்களில் அங்கிருந்தும் மீன் வரும். இருந்தாலும் விலை ஏறிவிடும். மீனவக் குடும்பங்களுக்கு அரசு தரும் தடைக்கால நிவாரணம் ரூ.5,000 ஆக இருந்தது. அதை ரூ.8,000 ஆக உயர்த்துவதாக 2023 ஆகஸ்ட்டில் அறிவிப்பு வந்தது. இரண்டு மாதத்துக்கு அந்தத் தொகை. ஒரு குடும்பத்துக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு என்று வகுத்துப் பார்த்தால் 131 ரூபாய் சொச்சம்.

இரண்டாவது காரணம் எண்ணூர் கழிமுகம். ஒரு காலத்தில் அங்கே காசு கொடுக்காமலேயே குழம்புக்கு வழி இருந்தது. ஆற்றில் இறங்கிக் கையாலேயே இறால் தடவிப் பிடிப்பது, சேற்றில் மஞ்ச மட்டி பொறுக்குவது, நண்டு பிடிப்பது எல்லாம் நடந்தது. விற்றது போக மிஞ்சியது வீட்டு அடுப்புக்கு வரும். அனல்மின் நிலையங்களின் சாம்பலும் சுடுநீரும் அந்த ஆற்றைப் பல ஆண்டுகளாக மாற்றிவிட்டன. வெளிநாட்டு இனமான 'காக்கா ஆழி' ஆற்றின் அடித்தரையில் கம்பளம் மாதிரி படர்ந்து, மட்டியும் இறாலும் வாழ்ந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலியில் இருந்து அடித்து வரப்பட்ட எண்ணெய், பக்கிங்ஹாம் கால்வாய் வழியாகக் கொசஸ்தலை ஆற்று முகத்துவாரம் வரை பரவியது. பாதிக்கப்பட்ட மீனவக் குடும்பங்களுக்கு தலா ரூ.12,500 அறிவிக்கப்பட்டது. படகுக்கும் தனியாகத் தொகை உண்டு. ஆனால் ஆற்றில் இருந்து நேராக அடுப்புக்கு வந்துகொண்டிருந்த குழம்பு மீனுக்கு எந்தக் கணக்கிலும் விலை போடவில்லை. அந்த இடத்தை இப்போது நிரப்புவது பெரும்பாலும் பிராய்லர் கோழி. அதுவும் அரை கிலோ.

நீட்டுவது என்றால் தண்ணீர் ஊற்றுவதா?

இங்கேதான் பலரும் தடுமாறுகிறார்கள். கறியை நீட்ட இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, குழம்பின் அளவைக் கூட்டுவது. இன்னொன்று, குழம்பில் இருக்கும் புரதத்தைக் கூட்டுவது. பார்வைக்கு இரண்டும் ஒன்று போலத்தான் இருக்கும். சட்டி நிறையும், தட்டும் நிறையும். உடம்புக்குப் போவதுதான் வேறு.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கோழி கிலோ 240 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அரை கிலோ 120 ரூபாய். எலும்பு போக அதில் சதை 325 கிராம் தேறும். புரதம் சுமார் 65 கிராம். அஞ்சு பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு 13 கிராம்.

இதில் கால் கிலோ உருளைக்கிழங்கு போட்டால் என்ன ஆகும்? உருளையில் புரதம் 100 கிராமுக்கு 2 கிராம்கூட இல்லை. ஆளுக்கு ஒரு கிராம்கூட ஏறாது. வயிறு நிறையும், அவ்வளவுதான்.

அதே குழம்பில் 200 கிராம் துவரம் பருப்பு சேர்ந்தால்? பருப்பில் நூறு கிராமுக்கு சுமார் 22 கிராம் புரதம் இருக்கிறது. மொத்தம் 44 கிராம் கூடுகிறது. ஆளுக்கு 13 ஆக இருந்தது 21-ஐத் தாண்டுகிறது. செலவு? ரேஷன் கடையில் துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய் என்பதால் 6 ரூபாய். வெளிக்கடையில் கிலோ 150 ரூபாய் என்றாலும் 30 ரூபாய்தான். 65 கிராம் புரதத்துக்கு 120 ரூபாய் கொடுத்த அதே வீட்டில், அடுத்த 44 கிராம் 6 ரூபாய்க்கோ 30 ரூபாய்க்கோ வந்துவிடுகிறது.

ஒரு சிக்கல் உண்டு. ரேஷனில் கார்டுக்கு மாதம் ஒரு கிலோ பருப்புதான். நாலு ஞாயிற்றுக்கிழமைக்கு 800 கிராம் போனால் சாம்பாருக்கு என்ன செய்வது என்ற கேள்வி வரும். அதனால்தான் பல வீடுகளில் ஒரு வாரம் பருப்பு, ஒரு வாரம் மீல் மேக்கர், ஒரு வாரம் முட்டை என்று மாறி மாறி வருகிறது. சோயாவில் செய்த மீல் மேக்கரில் எடையில் பாதிக்கு மேல் புரதம். 50 கிராம் போட்டால் குழம்பில் 26 கிராம் கூடும். அஞ்சு முட்டையை அவித்துக் கீறிப் போட்டால் 30 கிராம்.

ஒரு நாளைக்கு எவ்வளவுதான் தேவை? ஐசிஎம்ஆரின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020-ல் வெளியிட்ட பரிந்துரைப்படி 65 கிலோ எடையுள்ள ஆணுக்கு 54 கிராம், 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு சுமார் 46 கிராம். இதில் ஒரு பங்கு சோற்றில் இருந்தே வந்துவிடும். அரிசிப் புரதத்தில் 'லைசின்' குறைவு, பருப்பில் அது அதிகம். பருப்பில் குறைவாக இருக்கும் 'மெத்தியோனைன்' அரிசியில் உண்டு. சோறும் பருப்பும் ஒரே தட்டில் இருந்தால் ஒன்றின் குறையை இன்னொன்று ஈடு செய்கிறது.

தால்சா: எலும்பை வைத்து ஒரு விருந்து

இந்தக் கணக்கையெல்லாம் எழுதிப் பார்க்காமலேயே ராயபுரம், மண்ணடி பக்கத்து முஸ்லிம் வீடுகள் ரொம்ப நாளாக சரியாகச் செய்துகொண்டிருக்கின்றன. அதுதான் தால்சா. கல்யாண பிரியாணிக்குப் பக்கத்தில் வைக்கும் தொடுகறி என்று பலரும் நினைக்கிறார்கள். வீட்டில் அதுவே முழுச் சாப்பாடு.

கால் கிலோ எலும்புக்கறி போதும். நல்லி எலும்பு, நெஞ்செலும்பு கலந்து கேட்டால் கடைக்காரர் தனிக்கறி விலை சொல்ல மாட்டார். இஞ்சி பூண்டு விழுது, மஞ்சள், உப்பு போட்டு குக்கரில் நன்றாக வேகவிட வேண்டும். ஏழெட்டு விசில் என்றாலும் பரவாயில்லை. தனியாக வேகவைத்து மசித்த துவரம் பருப்போ கடலைப் பருப்போ, தக்காளி, கத்திரிக்காய், சுரைக்காய், ஒரு துண்டு மாங்காய் எல்லாம் அந்த எலும்புத் தண்ணீரிலேயே சேரும். கடைசியில் பட்டை, கிராம்பு, வெங்காயம் தாளித்துக் கொட்டினால் ஆறு பேருக்குக் காணும்.

இதில் தண்ணீர் ஏன் தண்ணீர் மாதிரி தெரிவதில்லை? எலும்பையும் ஜவ்வையும் பிடித்திருக்கும் 'கொலாஜன்' நீண்ட நேரம் வேகும்போது 'ஜெலட்டின்' ஆக மாறிக் கரைகிறது. குழம்புக்கு ஒரு வழவழப்பும் கெட்டித்தன்மையும் வருகிறது. நாக்குக்கு 'கறி நிறைய இருக்கு' என்று தோன்றுவதில் பாதி அந்த வழவழப்புதான். மிச்சப் பாதி மாங்காயும் தக்காளியும்.

நெத்திலி கருவாடு எப்படி ஒரு சட்டியையே தூக்குகிறது?

தடைக்காலத்தில் வடசென்னையைக் காப்பாற்றுவது கருவாடு. பழசும்தான். சங்க இலக்கியத்தில் நெய்தல் நிலத்துப் பெண்கள் மணலில் காயும் மீனைப் பறவை கொத்தாமல் காவல் காப்பார்கள். காய்ந்த மீனுக்கு அங்கே 'உணங்கல்' என்று பேர். இன்றைக்கும் குப்பத்து மணலில் அதே வேலைதான் நடக்கிறது. பறவையோடு நாயையும் விரட்ட வேண்டும், அவ்வளவுதான் வித்தியாசம்.

நீர் வற்றிப்போவதால் காய்ந்த நெத்திலியில் எடையில் பாதிக்கு மேல் புரதமாக இருக்கும். 50 கிராம் போட்டாலே 25 கிராம் புரதம் வந்துவிடும். முள்ளோடு சாப்பிடுவதால் கால்சியமும் சேரும். கத்திரிக்காய், முருங்கைக்காய், மாங்காயோடு வைப்பது வழக்கம். அதோடு ஒரு கைப்பிடி மொச்சையையும் ஊறவைத்துப் போடுகிற வீடுகள்தான் கெட்டிக்கார வீடுகள். ருசி கருவாட்டில் இருந்து வரும், புரதத்துக்கு மொச்சையும் தோள் கொடுக்கும்.

கொஞ்சம் கருவாட்டுக்கு இவ்வளவு ருசி எப்படி? இதற்கு விடை ஜப்பானில் இருந்து வந்தது. 1908-ல் கிகுனே இகெடா என்ற வேதியியல் பேராசிரியர், கடற்பாசிச் சாறின் ருசிக்குக் காரணம் 'குளுட்டமேட்' என்று கண்டுபிடித்து, அந்த ருசிக்கு 'உமாமி' என்று பேர் வைத்தார். 1913-ல் அவருடைய மாணவர் கொடாமா, காய்ந்த மீனில் 'இனோசினேட்' என்ற இன்னொரு ருசிப் பொருளைக் கண்டார். அவர் ஆராய்ந்தது, சூரை மீனை வேகவைத்துப் புகைபோட்டுக் காயவைத்த ஒரு பண்டம். ஜப்பான்காரர்களின் கருவாடு என்று வைத்துக்கொள்ளலாம். இந்த இரண்டும் ஒரே பாத்திரத்தில் சேர்ந்தால் ருசி கூட்டல் கணக்கில் அல்ல, பெருக்கல் கணக்கில் ஏறும் என்பது 1950-களின் இறுதியில் தெரியவந்தது. பழுத்த தக்காளியில் குளுட்டமேட் நிறைய உண்டு. கருவாட்டில் இனோசினேட். கருவாட்டுக் குழம்பில் நாலு தக்காளி ஏன் நசுக்கிப் போடுகிறார்கள் என்பதற்கு இதுதான் காரணம்.

கவனம் வேண்டியது உப்பில். ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் கீழே உப்பு போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கருவாட்டை வெந்நீரில் பத்து நிமிடம் ஊறவைத்து, இரண்டு மூன்று தண்ணீர் மாற்றிக் கழுவ வேண்டும். குழம்பு கொதித்து ருசி பார்க்கும் வரை உப்பு போடவே வேண்டாம். பிரஷர் இருப்பவர்கள் வாரம் மூன்று நாள் கருவாடு என்று போகாமல் இருப்பது நல்லது.

மாட்டுக்கறி உப்புக்கண்டமும் இதே வழிதான். வியாசர்பாடி, புளியந்தோப்பு பக்கம் மட்டனைவிட மிக மலிவாகக் கிடைக்கும் மாட்டுக்கறியை மஞ்சளும் உப்பும் தடவி, கயிற்றில் கோத்து வெயிலில் காயவைத்து எடுத்து வைப்பார்கள். காசு இல்லாத வாரத்தில் நாலு துண்டை இடித்துப் போட்டால் குழம்பு மணக்கும்.

பர்மாவில் இருந்து வந்த பாடம்

எண்ணூரில் பர்மா நகர் என்றே ஒரு பகுதி இருக்கிறது. 1962-ல் பர்மாவில் ராணுவ ஆட்சி வந்த பிறகு ஊர் திரும்பிய தமிழர்களில் பலர் வடசென்னையில் குடியேறினார்கள். பீச் ஸ்டேஷன் எதிரே அத்தோ கடைகளுக்குக் கூட்டம் சேர்த்தது அவர்கள்தான். அத்தோவுக்குக் கிடைத்த பேர் 'மொய்ங்கா'வுக்குக் கிடைக்கவில்லை. நியாயமாகப் பார்த்தால் வீட்டுக் கணக்கில் மொய்ங்காதான் பெரிய ஆள்.

கொஞ்சம் மீனை வேகவைத்து, முள் எடுத்து மசித்து, அந்தத் தண்ணீரிலேயே கடலை மாவு கரைத்துவிட்டு, வாழைத்தண்டு நறுக்கிப் போட்டுக் கொதிக்கவிடுவது மொய்ங்கா. நூடுல்ஸ் மேல் ஊற்றிச் சாப்பிடுவார்கள். மீன் எங்கே என்று தேடினாலும் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் ஒவ்வொரு வாயிலும் இருக்கும். கெட்டி சேர்க்கும் கடலை மாவும் பருப்பு வகை என்பதால் புரதம் கூடுகிறது. மைதாவோ சோள மாவோ கரைத்தால் குழம்பு கெட்டியாகும், வேறு லாபம் இல்லை.

இதெல்லாம் நம்ம ஊர் வறுமைக் கதை மட்டும் இல்லை. இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டனில் கறிக்கு ரேஷன் வந்தது 1940 மார்ச்சில். அது முழுசாக எடுக்கப்பட்டது 1954 ஜூலையில், போர் முடிந்து ஒன்பது வருஷம் கழித்து. அந்த நாட்களில் அங்கே சாசேஜுக்குள் ரொட்டித் தூளைத் திணித்துத்தான் நீட்டினார்கள். புரதக் கணக்கில் ரொட்டித் தூளைவிடக் கடலை மாவு எவ்வளவோ மேல்.

யாரும் கேட்காத பாகங்கள்

கறிக்கடையில் தொடைக்கறியும் நெஞ்சுக்கறியும் போன பிறகு மிஞ்சுவதில்தான் சத்து குவிந்து கிடக்கிறது. போட்டி, ஈரல், தலைக்கறி, ரத்தம், ஆட்டுக்கால். குறிப்பாக 'சுவரொட்டி' என்று சொல்லப்படும் மண்ணீரல். 'ரத்தம் ஊறும்' என்று வயசுக்கு வந்த பெண்களுக்குச் சுட்டுக் கொடுக்கும் பழக்கம் இருக்கிறது. அமெரிக்க வேளாண் துறையின் உணவுப் பட்டியலில் 100 கிராம் ஆட்டு மண்ணீரலில் சுமார் 40 மில்லிகிராம் இரும்புச்சத்து என்று போட்டிருக்கிறது. அதே அளவு சாதாரண ஆட்டுக்கறியில் 2 மில்லிகிராம் வந்தால் பெரிய விஷயம். பாட்டிமார் சொன்னது இந்த ஒரு விஷயத்தில் அப்படியே சரி.

ஒரு ஆட்டுக்கு ஒரு சுவரொட்டிதான் என்பதால் கடையில் முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும். ஈரலில் வைட்டமின் ஏ மிக அதிகம், ஆகவே கர்ப்பிணிகள் டாக்டரிடம் கேட்டுவிட்டுச் சாப்பிடுவது நல்லது. போட்டியை வெந்நீரில் சுண்ணாம்போ மஞ்சளோ போட்டுச் சுத்தம் செய்யவே ஒரு மணி நேரம் ஆகும். மலிவு என்று சொல்லும்போது அந்த ஒரு மணி நேரம் யாருடையது என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

மிச்சக் குழம்பை மறுநாள் வைக்கலாமா?

நீட்டிய குழம்பு பெரும்பாலும் இரண்டு வேளைக்கு வரும். சென்னை வெயிலில் 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட சூட்டில்தான் கிருமிகள் பெருகும், நம்ம சமையலறை நாள் முழுக்க அந்த நடுவில்தான் இருக்கிறது. பிரிட்ஜ் இருந்தால் சமைத்த இரண்டு மணி நேரத்துக்குள் உள்ளே போக வேண்டும். இல்லாத வீட்டில் புளி ஊற்றிய மீன் குழம்பையும் கருவாட்டுக் குழம்பையும் இரவு ஒரு தடவை, காலையில் ஒரு தடவை நன்றாகக் கொதிக்கவிட்டுச் சுண்ட வைப்பது வழக்கம். புளிப்பு கொஞ்சம் காவல். பருப்பு சேர்ந்த தால்சாவுக்கும், கறிச் சோற்றுக்கும் அந்தக் காவல் கிடையாது. பிரிட்ஜ் இல்லை என்றால் அன்றைக்கே முடித்துவிட வேண்டும்.

பீஸ் யாருக்கு?

குழம்பு எல்லாருக்கும் ஒன்று போல ஊற்றப்படும். பீஸ் அப்படி இல்லை. வேலைக்குப் போகிறவருக்கு இரண்டு, பையனுக்கு இரண்டு, மாமனாருக்கு ஒன்று, பொண்ணுக்கு ஒன்று. கடைசியில் உட்காருகிற அம்மாவுக்கு சட்டியைத் துடைத்த சோறு. 'எனக்குக் குழம்பு போதும்' என்ற வசனத்தை எத்தனை வீட்டில் கேட்டிருப்போம். மேலே போட்ட 'ஆளுக்கு 13 கிராம்' கணக்கு இந்த இடத்தில் உடைந்துவிடுகிறது.

2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. ஒரு நாளைக்கு ஆணுக்கு 19 மில்லிகிராம் இரும்பு போதும், பெண்ணுக்கு 29 மில்லிகிராம் தேவை என்கிறது ஐசிஎம்ஆர். அதிகம் தேவைப்படுகிறவருக்குக் குறைவாகப் போகிறது. கறி வெறும் இரும்புச்சத்தை மட்டும் தருவதில்லை. அதே வேளையில் சாப்பிடும் பருப்பு, கீரையில் உள்ள இரும்பையும் உடம்பு உறிஞ்ச அது உதவுகிறது. அதனால் ஒருவருக்கு நாலு பீஸ், ஒருவருக்குப் பூஜ்யம் என்பதைவிட எல்லார் தட்டிலும் கொஞ்சம் கறி இருப்பதே அதிகப் பலன் தரும்.

இதற்கும் மீனவர் வீட்டுச் சமையலில் ஒரு வழி இருக்கிறது: சுறா புட்டு. பால் சுறாவை வேகவைத்து, தோல் உரித்து, உதிர்த்து, மஞ்சளும் உப்பும் பிசறி, மீனுக்குச் சமமாக வெங்காயம், நிறையப் பூண்டு, பச்சை மிளகாய் வதக்கிக் கிளறுவது. பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊறும் என்று கொடுப்பார்கள். கால் கிலோ சுறா அஞ்சு பேருக்கு வரும். உதிர்த்துவிட்டதால் பீஸ் என்ற பேச்சே இல்லை, கடைசியாகச் சாப்பிடுகிறவர் கரண்டியிலும் மீன் வரும். சுறா கிடைக்காவிட்டால் மத்தியோ காணாங்கத்தையோ வைத்தும் செய்யலாம், முள் எடுக்கத்தான் பொறுமை வேண்டும். கோழியையும் அப்படி உதிர்த்து, வேகவைத்துப் பிழிந்த மீல் மேக்கரோடு சேர்த்துக் கிளறலாம்.

இறக்கும்போது அரை மூடி எலுமிச்சை பிழிந்தால் அதில் உள்ள வைட்டமின் சி, இரும்பு உடம்பில் சேர உதவும். சாப்பிட்ட கையோடு டீ குடிக்கும் பழக்கம் இருந்தால் அதை மட்டும் ஒரு மணி நேரம் தள்ளி வைக்க வேண்டும். டீயில் உள்ள 'டானின்' அந்த இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.